பிடித்துக்கொண்ட க்ளச்

2022 ஆகஸ்ட் 10, புதன். டிக்கோயா.

கியூஆர் அட்டையில் ட்ராக்டருக்கு வாரம் 15 லீற்றர் டீசல். அது வந்த தைரியத்தில், எரிபொருள் வரிசைக் காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த மெஸி 135ஐ வெளியே எடுக்கப் போனோம். இஞ்சின் உடனே பிடித்தது. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ். பழசு, ஆனால் முரண்டு பிடிக்காது. முரண்டு வேறு இடத்தில். க்ளச்சை முழுசாக மிதித்துக் கியரைத் தள்ளினால் பல் கரகரவென்று அரைகிறது, உள்ளே விழவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினால் சத்தமில்லாமல் விழுகிறது. அப்படியே மிதியை அழுத்திக்கொண்டு ஒருவர் உட்கார, நாலு பேர் பின்னால் நின்று தள்ளினோம். இம்மியும் நகரவில்லை.

“க்ளச் போச்சு அண்ணே, ரெண்டாப் பிரிக்க வேண்டியதுதான்” என்றான் ட்ரைவர் தம்பி.

போகவில்லை. தேய்ந்த க்ளச் வழுக்கும். இஞ்சின் கத்தும், ஏற்றத்தில் வண்டி ஏறாது. இது நேர்மாறு, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து எத்தனையோ பேர் நல்ல ப்ளேட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, வியாழன்.

கம்பிகளையும் மிதியின் தளர்ச்சியையும் முதலில் பார்த்தேன். சரியாக இருக்கின்றன. பெல் ஹவுசிங் பக்கத்து மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தேன். மிதிக்கும்போது பெயாரிங் முன்னே போகிறது, க்ளச்சின் விரல்கள் அழுந்துகின்றன. ஆக, வெளியே குற்றமில்லை. ஃப்ளைவீலின் ஓரமெல்லாம் செங்காவி நிறத்தில் துரு.

தென்மேல் பருவத்தில் ஹற்றன் பக்கம் சுவரே வேர்க்கிறது. ஃப்ளைவீலும் பிரஷர் ப்ளேட்டும் வார்ப்பிரும்பு. அவற்றுக்கு நடுவே க்ளச் ப்ளேட்டை ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் உராய்வே துருவைத் தேய்த்துவிடும். வாரக்கணக்கில் நின்றால் துரு வளர்ந்து லைனிங்கைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் மிதித்தால் ஸ்பிரிங் விலகும், ப்ளேட் விலகாது. டீசல் இல்லாமல் நின்றதுதான் இதன் நோய்.

பழைய ஆள் ஒருவர் வந்து, மூடி வழியாக மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். மரியாதையாக மறுத்துவிட்டேன். எண்ணெய் குடித்த லைனிங், கொழுந்துப் பெட்டியோடு ஏற்றத்தில் வழுக்கினால் யார் பொறுப்பு?

தேயிலை மிலாறு ஒன்றை அளவுக்கு வெட்டி, மிதியை அடிவரை அழுத்தி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தேன். இஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டுச் சூடேற்றி, மிலாறை எடுக்காமலே நிறுத்தினேன். சில வண்டிகள் இந்த அழுத்தத்திலேயே இரவோடு இரவாக விட்டுக்கொடுக்கும்.

ஆகஸ்ட் 13, சனி.

விட்டுக்கொடுக்கவில்லை.

வண்டி நிற்பதால், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து ஸ்டோர் வரை கொழுந்துச் சாக்கைப் பெண்கள் தலையில் சுமக்கிறார்கள். போன வருஷத்து உரத்தடைக்குப் பிறகு கொழுந்தே குறைவு என்பதால் சமாளிக்க முடிகிறதாம். சொல்கிறவர்கள் சுமக்கிறவர்கள் அல்ல. சாக்கில் நேரம் கடந்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும். அதற்கும் அவர்கள்தான் ஏச்சு வாங்குவார்கள்.

வண்டியைப் பிரித்தால் என்ன என்று தோட்டத்துத் துரை கேட்டார். பிரிப்பதென்றால் இஞ்சினை ஒரு பக்கமும் கியர்பெட்டியை மறுபக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் இரண்டாக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிக்குத்தான் மரியாதை, அதன் சாமானுக்குத்தான் விலை. சென்னை டாஃபே இதே மெஸி வகையைப் பல காலம் செய்ததால் ப்ளேட் கிடைக்காமல் போகாது. ஆனால் டொலர் விலையில் வரும். ஞாயிறு வரை பொறுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு.

சமதரை என்றால் இந்தத் தோட்டத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் மைதானம் ஒன்றுதான். அவர்களைக் கெஞ்சி வெளியேற்றினோம். கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ண இந்த வண்டியின் சுவிட்ச் விடாது. அதனால் மைதானத்தில் இறங்கும் சின்னச் சரிவின் மேல் நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, மூன்றாம் கியர் போட்டு உருட்டினோம். இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கி போட்டு ஒன்றாக்கியிருந்தேன். தனித்தனியாக விட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்றுவிடும். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை நிறுத்தும் குமிழில்.

இஞ்சின் பிடித்தது. தரை சமமானதும் க்ளச்சை அடிவரை மிதித்து, விசையைக் கூட்டிக் குறைத்து, பிரேக்கைச் சட்டென்று தட்டினேன். அடங்கவில்லை. வட்டமடித்து மறுபடி தட்டியபோது அடியில் ‘டங்’கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், அவர்களுக்கு மைதானம் திரும்பக் கிடைத்ததுதான் சந்தோஷம்.

பிறகு கியரை மாற்றி மாற்றி, க்ளச்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டு ஓட்டி, மிச்சத் துருவைத் தேய்த்தோம். கருகல் வாடை எட்டியதும் நிறுத்தி ஆறவிட்டோம்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்.

பெட்டி நிறையக் கொழுந்தோடு ஏற்றம் ஏறியது. வழுக்கலும் இல்லை, அரைப்பும் இல்லை. பெல் ஹவுசிங் அடித் துவாரத்தில் எண்ணெய்க் கசிவும் இல்லை.

மழைக்காலத்தில் ட்ராக்டரை வாரக்கணக்கில் நிறுத்துகிறவர்கள், க்ளச் மிதியை அழுத்தி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால் கியர் வண்டியைப் பிடிக்காது. சரிவென்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் நாலு சக்கரத்துக்கும் கல் வையுங்கள்.