பல் வாங்கப் போன ஊர்

மனிதர்கள் ஊர் விட்டு ஊர் போவதற்கு முன்பெல்லாம் சில காரணங்கள்தான் இருந்தன. புண்ணியம் தேடிக் காசிக்குப் போனார்கள். பொருள் தேடிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். படிப்புத் தேடிச் சீமைக்குப் போனார்கள். கடன்காரனுக்குப் பயந்து சொல்லிக் கொள்ளாமல் போனவர்களும் உண்டு. பல் தேடிப் பரதேசம் போவது மட்டும் நம்முடைய காலத்தில் ஏற்பட்ட புது யாத்திரை.

சிரிக்க வேண்டாம். ஆஸ்திரியா தேசத்துக்காரர்கள் எல்லையைத் தாண்டி ஹங்கேரியில் இருக்கும் சோப்ரோனுக்கும் மோஷோன்மாட்யாரோவாருக்கும் போகிறார்கள். (இரண்டாவது ஊரின் பெயரைப் பிழையில்லாமல் உச்சரிப்பதற்கே வாயில் முழுப் பற்களும் வேண்டும்!) இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருப்பவர்கள் விமானம் ஏறி புடாபெஸ்டுக்குப் போகிறார்கள். லண்டனிலும் துபாயிலும் இருக்கும் நம்மவர்கள் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு வருகிறார்கள். அமெரிக்கர்கள் மெக்சிகோவுக்குப் போகிறார்கள். இவர்களில் பலர் தேடிப் போவது கழற்றி மாட்டும் பல் செட்டை அல்ல. தாடை எலும்பில் டைட்டேனியம் என்ற உலோகத் திருகாணியைப் பதித்து, அதன் தலையில் ஒரு பல்லைக் கட்டி வைக்கும் வைத்தியத்தை. அதற்கு 'இம்ப்ளான்ட்' என்று பெயர்.

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். சொல் போவது இருக்கட்டும். அதற்கு முன்பே போவது சோற்றின் ருசி. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கும்போது, "எனக்கு ரசம் சாதம் போதும்" என்று சொல்லிப் புன்னகை செய்கிறாரே, அவருடைய வைராக்கியத்துக்குக் காரணம் அநேகமாகக் கடைவாய்ப் பல்லாகத்தான் இருக்கும்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்தில் இருக்கும் எங்கள் பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய புறநகர். பக்கத்து வீட்டில் எழுபத்திரண்டு வயதான ஓர் அம்மாள் தனியாக வசித்து வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். டிசம்பர் 6-ஆம் தேதி திருக்கார்த்திகை. என் மனைவி அங்கேயும் விடாமல் பொரி உருண்டை பிடித்து, ஒரு தட்டில் வைத்து அந்த அம்மாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனபோது தட்டு அலமாரியில் படங்களுக்கு நடுவே அப்படியே இருந்தது.

என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "கோபித்துக் கொள்ளாதீர்கள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. நாலு வருஷமாகக் கஞ்சியும் சூப்பும்தான். யாராவது கேட்டால் உடம்பு இளைப்பதற்காகப் பத்தியம் என்று சொல்லிவிடுகிறேன்" என்றார். பல் செட் ஒன்று மேஜை இழுப்பறையில் இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டால் ஈறு புண்ணாகிறது. கழற்றினால் சாப்பிட முடியவில்லை.

பக்கத்துக்கு இரண்டாக நாலு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் போட்டுக் கொடுத்த கணக்கில் சிறிய கார் ஒன்று வாங்கலாம்.

அவ்வளவு பெரிய தேசத்தில் வயதானவர்களுக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் கிடையாதா என்று வாசகர்கள் கேட்கலாம். பேஷாக உண்டு. மெடிகேர் என்று பெயர். 65 வயதானவர்களுக்கு அது இருதயத்தைப் பார்க்கும், மூட்டைப் பார்க்கும், சிறுநீரகத்தைப் பார்க்கும். பல்லைப் பார்க்காது. 1965-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜனாதிபதி ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோதே சாதாரணப் பல் வைத்தியத்தை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இன்னொரு சிகிச்சைக்கு அவசியமான சில பல் வைத்தியங்களைப் பிற்பாடு சேர்த்தார்கள். தனியார் திட்டங்கள் சிலவற்றில் கொஞ்சம் கிடைக்கும். மற்றபடி வாய்க்குள் இருக்கும் பல் உடம்பைச் சேர்ந்தது அல்ல என்பது சட்டத்தின் அபிப்பிராயம்.

அதே 1965-ல் சமுத்திரத்துக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்தில் வேறொரு காரியம் நடந்தது. பிரோனேமார்க் என்ற விஞ்ஞானி 1952-ஆம் ஆண்டு வாக்கில் முயலின் கால் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்காக டைட்டேனியத்தால் செய்த ஒரு சிறு கருவியை எலும்பில் பதித்து வைத்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால், கருவி வரமாட்டேன் என்றது! எலும்பு அதைத் தன்னுடையதாகப் பாவித்துக் கட்டிப் பிடித்துக்கொண்டுவிட்டது. இன்னொருவராயிருந்தால் முயலைத் திட்டியிருப்பார். பிரோனேமார்க் பதின்மூன்று வருஷம் அதையே யோசித்தார். 1965-ல் கோத்தென்பர்க் நகரத்தில், தாடைக் குறைபாட்டோடு பிறந்த யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் டைட்டேனியத் திருகாணிகளைப் பதித்தார். அவற்றின் மேல் கட்டிய பற்களோடு லார்சன் 2006-ல் காலமாகும்வரை சாப்பிட்டுக் கொண்டிருந்தார். பல் வைத்திய உலகம் இதைச் சுலபத்தில் நம்பவில்லை. 1982-ல் கனடாவில் டொரான்டோ மகாநாட்டில் எடுத்துச் சொன்ன பிறகே எங்கும் பரவியது.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருகாணியைப் பதிப்பது வைத்தியர்; அதைப் பிடித்துக்கொள்வது எலும்பு. பதிப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். பிடித்துக்கொள்ள மாதங்கள் வேண்டும். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்பது பிரோனேமார்க் வகுத்த பழைய கணக்கு. இப்போது சிலருக்குக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் சர்க்கரை கட்டுப்படாதவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் அவசரப்பட முடியாது.

2023 ஜனவரியில் ஒரு நாள் அந்த அம்மாள், "மெக்சிகோவுக்குப் போகிறேன், துணைக்கு வருகிறீர்களா? நீங்கள் கதை எழுதுகிறவர், ஏதாவது அகப்படும்" என்றார். எங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியிருக்கவில்லை. மூவரும் புறப்பட்டோம். அவர்தான் கார் ஓட்டினார்.

பாலைவனத்தின் வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர் போனால் யூமா என்ற ஊர் வருகிறது. குளிர்காலத்தில் அமெரிக்கா தின்னும் லெட்டூஸ் கீரையில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவதுபோல் வடக்கே பனிப் பிரதேசத்திலிருந்து கிழவர்களும் கிழவிகளும் வீட்டு வண்டிகளோடு வந்து அங்கே முகாம் போடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் கீரை. அதை மெல்ல முடியாதவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் எல்லை. காரை அமெரிக்கப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தே மெக்சிகோவுக்குள் போய்விடலாம். லாஸ் அல்கோடோனஸ் என்பது ஊரின் பெயர். சில ஆயிரம் ஜனங்கள்தான். ஆனால் பல் வைத்தியர்கள் சில நூறு பேர். அமெரிக்கர்கள் அதற்குக் 'கடைவாய்ப் பல் நகரம்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியதும், "பல்லா? கண்ணாடியா? மருந்தா?" என்று கூப்பிடுகிறார்கள். எனக்குக் கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர்கள் சூழ்ந்துகொண்ட அந்த நாள் ஞாபகம் வந்தது. எங்கு பார்த்தாலும் பல் படம் போட்ட பலகைகள். நடுநடுவே தொப்பிக் கடை, போர்வைக் கடை.

முதலில் போன இடம் பளபளவென்று இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். உபசாரமாகப் பேசிய ஒரு வாலிபர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். கீழ்த்தாடையில் மீதியிருக்கும் முன் பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாலு திருகாணிகளின் மேல் முழு வரிசையையும் பொருத்திவிடலாம். ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒப்புக்கொண்டால் விலையிலும் தள்ளுபடி உண்டு.

என் மனைவி தமிழில் என்னிடம், "ஆடாத பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? கேளுங்களேன்" என்றாள். கேட்டேன். அந்த வாலிபர் ஒளிக்காமல் பதில் சொன்னார்: "உங்களுக்குச் சௌகரியத்துக்காகத்தான். இல்லாவிட்டால் இவர் மறுபடியும் மறுபடியும் வர வேண்டியிருக்கும்."

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், "முன் பற்கள் செய்த குற்றம் என்ன? என் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் இல்லாததா?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது?

வாடிய பற்களை எடுத்துவிட்டு முழு வரிசை கட்டும் வைத்தியம் தவறானது அல்ல. அது தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உடனே ஒரு தற்காலிக வரிசையைப் பொருத்தி, எலும்பு பிடித்த பிறகு நிலையானதை மாட்டுவது நல்ல வைத்தியர்கள் எல்லாத் தேசத்திலும் செய்யும் காரியம்தான். ஆனால் அது வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டிய யோசனை. டிக்கெட்டைப் பார்த்து அல்ல.

இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய மாடியில் இன்னொரு வைத்தியரைப் பார்த்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி. படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சர்க்கரை உண்டா, எலும்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா, சிகரெட் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நாளைக்குத் திருகாணிகளைப் பதித்துவிடலாம். பல் கட்ட நாலு மாதம் கழித்து நீ வர வேண்டும். நடுவில் உன் ஊரில் யாராவது ஒரு வைத்தியர் பார்த்துக்கொள்ள வேண்டும். வர முடியாது என்றால் என்னிடம் ஆரம்பிக்காதே."

விலை பீனிக்ஸில் சொன்னதில் பாதிக்கும் குறைவு. ஆனால் நாலு மாதம்! எழுபத்திரண்டு வயதில், தனியாக, பாலைவனத்தில், மே மாத வெயிலில் இன்னொரு தடவை வண்டி ஓட்டி வர வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "நாலு மாதம் என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம். சில பையன்களுக்குப் பின்னக் கணக்கு வருவதற்கு அதைவிட அதிக நாள் காத்திருக்கிறேன்" என்றார்.

மறுநாள் பதித்தார்கள். புறப்படும்போது வைத்தியர் ஒரு சிறு அட்டையைக் கொடுத்தார். திருகாணி எந்தக் கம்பெனியுடையது, நீளம் எவ்வளவு, பருமன் எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதியிருந்தது. "இதைப் பாஸ்போர்ட்டைப் போல் வைத்துக்கொள்" என்றார். ஒரு கம்பெனியின் மேல்பாகம் இன்னொன்றில் பொருந்தாது. அதைத் திருகும் சாவிகூட வேறு. பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு வைத்தியர் அந்த வாயைத் திறந்து பார்க்கும்போது, இந்த அட்டை இல்லாவிட்டால் பூட்டு இருக்கும். சாவி எது என்று தெரியாது.

மே மாதம் நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன் அவர் மறுபடி போய் வந்தார். நாலில் மூன்றை எலும்பு பிடித்துக் கொண்டிருந்தது. ஒன்று பிடிக்கவில்லை; அதை எடுத்துவிட்டார்கள். இது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே நேர்வது, ஆனாலும் நேர்வது. புதிதாகப் பதிப்பதற்கு வைத்தியர் பணம் கேட்கவில்லை. பெட்ரோலும் ஓட்டல் வாடகையும் இன்னொரு நாலு மாதமும் யாரும் திருப்பித் தருவதல்ல. அந்த அம்மாள் வருத்தப்படவில்லை. "மூன்று பையன்கள் தேறிவிட்டார்கள். ஒருவன் மறுபடி பரீட்சை எழுத வேண்டும்" என்றார். வலது பக்கத்தால் ஓர் ஆப்பிளைக் கடித்து மென்று காட்டினார்.

நான் அப்போது முதல் கடையை நினைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு வாரத்தில் முடித்துக்கொண்டு, நாலில் ஒன்று இப்படிப் பிடிக்காமல் போயிருந்தால், மேலே கட்டிய முழு வரிசைக்கும் ஆபத்து வந்திருக்கும். திரும்பி வந்து நிற்பதற்கு அவருடைய சொந்தப் பற்கள் ஒன்றுகூட இருந்திராது.

சென்னையிலும் இதே நாடகம் நடக்கிறது. மூன்று வார லீவில் வந்து இறங்குகிறவர்கள் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் நடுவே வாயைத் திறந்து காட்டி, "ஊருக்குப் போவதற்குள் முடித்துவிடுங்கள் டாக்டர்" என்கிறார்கள். நம்முடைய வைத்தியர்களின் கைத்திறனுக்குக் குறைவில்லை, செலவும் குறைவு. ஆகையால் போகாதே, வராதே என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறதா, நடுவில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள். மிச்சம் என்ன என்று பிறகு பார்க்கலாம். விமானத்துக்குத் தேதி உண்டு. எலும்புக்குத் தேதி கிடையாது.

எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒருத்தி, ஓர் ஆப்பிளைக் கடிப்பதற்காக, தன் தேசத்தின் எல்லையைத் தாண்டி நடந்து போக வேண்டியிருக்கிறது. 1965-ல் அந்நியமான ஓர் உலோகத்தை மனிதனுடைய எலும்பு சில மாதங்களில் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் எழுதிய சட்டம், மனிதனுடைய பல்லை இன்னும் அவன் உடம்பில் சேர்த்துக்கொள்ளவில்லை.