அண்ணாமலையில் சித்திரை

செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கிய கையோடு திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் வலப்பக்கமும் இடப்பக்கமும் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வளைவுக்கு வளைவு இடம் மாறிக்கொண்டே இருந்தது மலை. 2,668 அடி உயரம். சுற்றிலும் சமவெளி என்பதால் வெகுதூரத்திலேயே கண்ணில் படுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இந்த வெயில்ல வர்றீங்களே, கார்த்திகைக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றார். இந்த ஊருக்குக் கோடையில் கிளம்பும் எல்லோரும் கேட்டிருக்கும் கேள்வி இது.

கார்த்திகை தீபத்துக்கு வந்தவர்களும் பௌர்ணமிக்கு வந்தவர்களும் ராத்திரியோடு ராத்திரியாக மலையைச் சுற்றிவிட்டு விடியும்போது பஸ் ஏறிவிடுவார்கள். ஊரை அவர்கள் பார்ப்பதேயில்லை. சித்திரையில் சில நாள் தங்கினால் ஊர் நமக்குக் கிடைக்கிறது. வெயிலுக்கு ஏற்றபடி நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விடியற்காலை மலைக்கு, நடுப்பகல் நிழலுக்கு, மாலையும் இரவும் கோயிலுக்கு.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. கோயிலுக்குள் கல்தளத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து ஏக்கர் கோயில். விரிப்பு எல்லா இடத்துக்கும் எட்டுமா? அது முடிகிற இடத்தில் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளாகி நிழலைப் பார்த்து ஓடுகிறார்கள். 217 அடி ராஜகோபுரத்தின் நிழல் காலை வேளையில் உள்ளே நீளமாக விழுகிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம். அந்த நிழலில்தான் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறார்கள்.

கருவறையில் நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லிங்கத்துக்கு நேர் மேலே ஒரு பாத்திரம் தொங்குகிறது. அடியில் சிறு துளை. வெட்டிவேர், பன்னீர், வாசனைப் பொருட்கள் சேர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக அண்ணாமலையார் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. தாராபிஷேகம் என்று இதற்குப் பெயர். கத்திரி வெயில் முடியும் வரை இது நடக்கும். முடிவில் தோஷ நிவர்த்தியாக 1008 கலச அபிஷேகமும் உண்டு. பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது. அடியும் முடியும் காணாத சோதியாக நின்றவன் என்று புராணம் சொல்லும் சாமிக்கு, நமக்குப் புழுங்குவதுபோல் அவருக்கும் புழுங்குமே என்று நினைத்து நீர்விடத் தோன்றியிருக்கிறது நம் முன்னோருக்கு. தரும தரிசன வரிசையில் முன்னால் நின்றிருந்த அம்மா சொட்டையே பார்த்து நின்றார். "நகருங்கம்மா" என்ற குரல் கேட்டும் நகர மனமில்லை அவருக்கு. எனக்கும்தான். தீப தரிசனம் போலவே இதுவும் வாழ்நாளில் ஒருமுறை காண வேண்டிய காட்சி என்று உறுதியாகச் சொல்வேன்.

வசந்த உற்சவமும் சித்திரையில்தான், பத்து நாள். கோயிலின் தலமரம் மகிழம். இரவில் சாமியும் உண்ணாமுலையம்மனும் அலங்காரத்தோடு எழுந்தருளி அந்த மரத்தைச் சுற்றிவருவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாவை பொம்மை ஒன்று சாமிமேல் பூத் தூவும். நாதஸ்வரம் நிதானமாக வாசிக்கிறார்கள், யாருக்கும் அவசரமில்லை. பிள்ளைகள் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பொம்மை எப்போது கையசைக்கும் என்று காத்திருக்கிறார்கள். பூ விழுந்ததும் ஒரே ஆரவாரம். என் மடியிலும் கொஞ்சம் விழுந்தது. அன்றிரவு தரையில் உதிர்ந்து கிடந்த மகிழம்பூவையும் நாலைந்து பொறுக்கிக்கொண்டேன். விரல் நகத்தைவிடச் சிறியது, வெளிறிய மஞ்சள், ஓரமெல்லாம் பிசிறு, நடுவில் நார் கோக்கத் தோதாக ஒரு துளை. மகிழம்பூ வாடி வதங்கிச் சருகான பிறகும் மணக்கும். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பூ இல்லை.

நிறைவு நாள் காலையில் அய்யங்குளத்தில் தீர்த்தவாரி. 1896 செப்டம்பர் 1 அன்று வீட்டைத் துறந்து வந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் கையில் இருந்ததையெல்லாம் போட்டது இந்தக் குளத்தில்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். நிறைவு நாள் இரவில் மன்மத தகனம். சாமியின் தவத்தைக் கலைக்க வந்த மன்மதனின் உருவம் கொடிமரத்துக்கு முன் எரிகிறது. வசந்தத்தின் தோழனை எரித்து வசந்த விழாவை முடிக்கிறார்கள். மற்ற ஊர்க் கோயில்களில் இந்த நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்கு ரமணாசிரமம் நல்லது. மரநிழலும் மயிலும் உண்டு. யாரும் யாரோடும் உரக்கப் பேசுவதில்லை. மகரிஷியின் சமாதி மண்டபத்தில் உட்கார்ந்தால் வெளியே கொளுத்துவது மறந்துவிடும். அவர் மறைந்ததும் ஒரு சித்திரையில்தான், 1950 ஏப்ரல் 14. 1948இல் இறந்த ஆசிரமப் பசு லட்சுமிக்கும் அங்கே சமாதி இருக்கிறது. பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள், நீங்கள் அப்படிப் போகாதீர்கள்.

ஆசிரமத்தின் பின்புறமிருந்து மலைமேல் உள்ள கந்தாசிரமத்துக்கு ஒரு கல்பாதை ஏறுகிறது. வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும். வழியெல்லாம் மரங்கள். இந்தச் சரிவு முன்பு மொட்டைப் பாறையும் புல்லுமாகக் கிடந்தது. தன்னார்வலர்கள் 1980களிலிருந்து கன்று நட்டு, கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த காடு இது. சித்திரையில் மலைப்புல் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும், பல வருஷ உழைப்பு சாம்பலாகிவிடும். தீ பரவாமலிருக்கப் புல்லை வெட்டி அகலமாகக் கோடு எடுத்திருப்பதை மேலே போனால் பார்க்கலாம். கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாறையில் நின்றால் ஒன்பது கோபுரங்களும், அவற்றைச் சுற்றி ஊரும் கீழே விரிகின்றன.

பனி கொட்டும் நாடுகளில் கோடைக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் நம் தமிழர்கள் தங்கள் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழாவை ஜூலை முதல் வாரத்தில் வைத்துக்கொள்வதும் அந்த ஊர் விடுமுறையை ஒட்டித்தான்.  அங்கே வெயில் வந்துவிட்டது என்று விழா எடுக்கிறார்கள். இங்கே வெயிலைத் தணிக்க விழா எடுக்கிறோம். நீரும் பூவும் நிழலும் நிலாவும்தான் நம் கோடை விழாக்களின் சரக்கு.

நிலா என்றால் சித்ரா பௌர்ணமி. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடி கூட்டம் வருவது அன்றைக்குத்தான். பல லட்சம் பேர், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், வெறுங்கால். இரவு ஒன்பது மணிக்கும் தார்ச்சாலை வெதுவெதுப்பாகவே இருந்தது. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள்; வழியில் ஆதி அண்ணாமலை, இடுக்குப் பிள்ளையார். பத்தடிக்கு ஒரு பந்தல் என்று சொல்லும் அளவுக்கு நீர்மோரும் பானகமும். தொன்னையில் புளியோதரை நீட்டுகிறார்கள், வாங்காமல் நகர்ந்தால் கோபித்துக்கொள்கிறார்கள். நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி விற்பவர்களுக்கு நிமிரக்கூட நேரமில்லை.

வருண லிங்கத்தைத் தாண்டி நான் ஓர் ஓரமாக உட்காரப் போனபோது, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆயா கையைப் பிடித்துக்கொண்டார். "ஒக்காந்தா எழுந்திரிக்க முடியாது கண்ணு. மெதுவா நட, நானும் மெதுவாத்தான் வரேன்." எழுபது வயதுக்குக் குறையாது. "கால் சுடலையா ஆயா?" என்றேன். "வயக்காட்டுல நடக்குற காலு, இது என்னா சூடு?" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். குபேர லிங்கம் வரை சேர்ந்தே நடந்தோம். அவர் பேச்செல்லாம் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றித்தான்.

விடிந்த பிறகு அதே பாதையில் ஒரு பகுதியைப் பார்த்தேன். காகிதத் தம்ளர், பிளாஸ்டிக் பாட்டில், பாக்கெட் உறை. தூய்மைப் பணியாளர்கள் குனிந்தபடியே அள்ளிக்கொண்டிருந்தார்கள், மறுபடியும் அதே வெயிலில். அன்னதானம் செய்பவர்கள் தங்கள் பந்தலருகில் ஒரு தொட்டி வைத்து, மறுநாள் அதை அப்புறப்படுத்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் தானத்தில் சேர்ந்ததுதான்.

சென்னைவாசிகளுக்கு இப்போது பயணம் எளிது. கடற்கரையிலிருந்து வேலூர் போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டித்திருக்கிறார்கள். அடுத்த சித்திரைக்கு வாருங்கள், நாலு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, அதைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போங்கள். மலைமேல் கற்பூரமோ ஊதுபத்தியோ எதுவும் ஏற்றாதீர்கள்.

அடுத்த வாரம், இதே மாவட்டத்தில் கோடை விழா நடக்கும் ஜவ்வாது மலைக்கு, ஜமுனாமரத்தூருக்குப் போகலாம்.