சுங்க வாயிலில் ஓர் அமானிதம்

பட்டினப்பாலையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலரை யாம் மிகவும் புகழ்ந்துரைப்பது வழக்கம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் அக்காவலர், கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகளைப் போல் ஓய்வறியாதவர்; வந்திறங்கும் பொதிக்கும் கப்பலேறும் பொதிக்கும் சோழரின் புலிப்பொறி இட்டே விடுப்பவர். அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக 'உல்கு பொருளை' வள்ளுவரும் சொல்கிறார் என்று கூறி, உல்கு என்றால் சுங்கம் எனக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு மேலே செல்வோம். காவலன் பொதியை அவிழ்க்கச் சொன்னபோது அதனைச் சுமந்து வந்தவன் எப்படி நின்றிருப்பான் என்று யாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மாணவரும் கேட்டதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஜித்தா விமான நிலையத்தில் யாமே அவ்விடத்தில் நிற்க நேர்ந்தது.

பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் எம் அன்னையாரை உம்ராவுக்கு அழைத்துச் சென்றோம். எழுபதைக் கடந்தவர். தந்தையார் இருந்த காலத்திலேயே செல்ல விரும்பியவர், கைகூடவில்லை. புறப்படுவதற்கு முந்திய நாள் இஷாத் தொழுகைக்குப் பின் அடுத்த வீட்டு மாமி ஒரு மூட்டையோடு வந்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, நாற்புறமும் நெருக்கித் தைத்த மூட்டை. அவர் மகன் ஜித்தாவில் ஒரு கிடங்கில் பணிபுரிகிறான். ஊருக்கு வந்து மூன்றாண்டாயிற்று.

"தம்பி, தொதலும் மசாலாப் பொடியுந்தான். என் மகன் வந்து வாங்கிக்குவான். அமானிதம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின் எம் சமுதாயத்தில் எவராலும் மறுத்துரைக்க இயலாது. அரபியின் 'அமானத்' நம் நாவில் அமானிதமாயிற்று. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் 622இல் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்ட இரவில், தம்மிடம் மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்ற வரலாற்றை மீலாது மேடைகளில் யாமே பலமுறை பேசியிருக்கிறோம். ஆகவே எம் பெட்டியிலிருந்து இரண்டு சட்டைகளை வெளியே எடுத்துவிட்டு மூட்டைக்கு இடம் செய்தோம். உள்ளே வேறென்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. தையலைப் பிரிப்பது அம்மூதாட்டியை ஐயுறுவதாகும் என்று எமக்கு யாமே காரணம் சொல்லிக்கொண்டோம். கேட்கக் கூசினோம் என்பதே உண்மை.

பயண முகவர் தந்த தாளொன்று சட்டைப்பையில் இருந்தது. கொண்டு செல்லலாகாத பொருள்களின் பட்டியலில் முதல் வரியிலேயே கசகசா இருந்தது. அதனைப் படித்து, அன்னையாரின் இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவரின் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்ட எமக்கு, அண்டை வீட்டு மூட்டை நினைவில் வரவில்லை.

விமானம் ஏறுமிடத்தில், "பெட்டிகளை நீங்களே கட்டினீர்களா? பிறர் கொடுத்த பொருள் ஏதேனும் உண்டா?" என்று கேட்டனர். முதல் வினாவுக்கு ஆம் என்றோம். இரண்டாவதற்கு இல்லை என்றோம். இரண்டே சொற்கள்; இரண்டும் பொய். இஹ்ராம் துணி உடுத்தியிருந்தோம். ஆனால் மீக்காத் எல்லை வரவில்லை, நிய்யத் வைக்கவில்லை என்று உள்ளம் ஒரு சாக்குச் சொல்லிற்று. வானில் அறிவிப்பு வந்து, விமானம் முழுவதும் தல்பியா ஒலித்தபோது அந்தச் சாக்கும் தீர்ந்துபோயிற்று.

ஜித்தாவில் இறங்கியதும் நீண்ட வரிசை. "அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ!" என்றார் அன்னையார். எம் பாட்டனார் தலைமுறையினர் பம்பாய்க்குச் சென்று கப்பலேறினர். அவர்க்கும் முந்தியோரைச் செங்கடலின் கமரான் தீவில் இறக்கி, தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் வைத்து, துணிமணிகளை நீராவியிலிட்டு எடுத்த பின்னரே ஜித்தாவுக்கு விடுத்தனர். 1882இல் தொடங்கிய ஏற்பாடு அது. மும்பையிலிருந்து சென்ற ஹஜ் கப்பலும் 1995உடன் நின்றுவிட்டது. இவற்றைச் சொல்லிக்கொண்டே நகர்ந்ததில் ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

கடவுச்சீட்டைச் சோதித்த மேடையில் ஓர் இளம்பெண் அமர்ந்திருந்தார். கண்கள் மட்டுமே தெரிந்தன. எம் இருவர் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயருக்குரிய கட்டம் வெறுமையானது. தமிழருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து உண்டே தவிரக் குடும்பப் பெயர் ஏது? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலாவுக்கு வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது எம் ஊரில் பலர் தவித்தனர். கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதுமென்று பின்னர் விளக்கம் வந்தது. அந்த நினைவில் யாம் சற்றே அஞ்சினோம். அப்பெண்ணோ அன்னையாரின் தந்தை பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'பின்த்' என்று சேர்த்து ஒருமுறை உச்சரித்துப் பார்த்துத் தலையசைத்தார். இன்னாரின் மகள் என்பது அவர்களுக்கும் போதுமான அடையாளமே.

ஆனால் விரல்கள் பதியவில்லை. கண்ணாடி மேல் அன்னையார் கை வைத்தார், கருவி ஏற்கவில்லை. மறுபடியும் வைத்தார். ஐம்பது ஆண்டுகள் பனையோலை கிழித்துப் பெட்டி முடைந்த கை அது. அவ்வோலைப் பெட்டிகளின் காசில்தான் எம் முதுகலைப் படிப்பின் கட்டணம் கட்டப்பட்டது. ரேகைகள் தேய்ந்து, விரல் நுனிகள் வழவழவென்றிருந்தன. அப்பெண் எழுந்து, ஈரத்தாளால் ஒவ்வொரு விரலையும் துடைத்து, தம் கையால் அழுத்திப் பிடித்தார். ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ கருவி இசைந்தது. 'யா உம்மீ' என்று அவர் சொன்னது எமக்கும் விளங்கியது. என் தாயே என்பது அதன் பொருள். அன்னையார் அவர் தலையில் கைவைத்து துஆச் செய்தார். பின்னால் நின்ற வரிசை பொறுமையிழந்து முணுமுணுத்தது.

அடுத்தது சுங்கம். பெட்டிகள் ஒவ்வொன்றாக எக்ஸ்ரே கருவிக்குள் நுழைந்து வெளிவந்தன. எமது பெட்டி மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. இளைஞரான அலுவலர் அதனைத் திறந்து, தைத்த மூட்டையை மேடைமேல் எடுத்து வைத்தார். அரைகுறை ஆங்கிலத்தில், "இது உம்முடையதா?" என்று கேட்டார்.

ஊரில் சொன்ன பொய்யை இங்கேயும் சொல்லலாம். ஆயின், தைக்காத இரண்டு வெண்துணிகளோடு, வாக்குவாதமும் விலக்கப்பட்ட நிலையில் நின்றுகொண்டிருந்தோம். "அமானா" என்றோம். மக்தபில் ஓதக் கற்றதால் எழுத்துக்கூட்டத் தெரியுமேயன்றி அரபியில் பேச எமக்கு வராது. அந்த ஒரு சொல் வந்தது. யாருடைய அமானா, உள்ளே என்ன என்று கேட்டார். அண்டை வீட்டாருடையது, பார்க்கவில்லை என்றோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கத்தியால் தையலை அறுத்தார்.

மாமி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தாள் ஒட்டி, தம் கையாலேயே பெயரெழுதியிருந்தார். அலுவலர் அவற்றை வரிசையாக வைத்து, எம்மையே படிக்கச் சொன்னார். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு வாழ்நாளில் வந்த மிகக் கடினமான வாசிப்பு அதுதான். தொதல் என்று படித்து, இனிப்பு என்றோம். கறிமசாலா என்றோம். நார்த்தங்காய் ஊறுகாய் என்றோம். நான்காவது சிறு பொட்டலம். நூறு கிராம் இருக்கலாம். வெளிறிய, மணலினும் சற்றே பருத்த விதைகள். மேலே, சாய்ந்த எழுத்தில், கசகசா.

எள் என்று சொல்லிவிடலாம். ரவை எனலாம். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அம்மேடையருகில் எம்மையும் எம் அன்னையாரையும் அன்றி எவருமில்லை. முகவரின் தாளில் இருந்த முதல் வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்னையார் எம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அத்தாளை யாமே படித்துக் காட்டியிருந்தோம். எத்தனை நொடிகள் நின்றோம் என்று தெரியவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தோம்.

பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலுவலரின் புருவம் உயர்ந்தது. "கஷ்காஷ்?" என்றார். எம் வகுப்பறைப் பிறமொழிச் சொற்பட்டியலில் வசூல் உண்டு, ஜில்லா உண்டு, தாசில் உண்டு. அன்றாடம் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவை அதில் சேர்க்கத் தோன்றியதே இல்லை. இப்போது சேர்த்துவிட்டோம்.

உள்ளறை ஒன்றில் இரண்டு மணி நேரம் அமர்த்தப்பட்டோம். எம் குழுவின் பேருந்து வெளியே காத்திருந்தது. இவ்விதைக்காக வளைகுடா நாடுகளில் சிறை சென்றோரைப் பற்றி நாளேடுகளில் படித்தவையெல்லாம் நினைவுக்கு வந்தன. எம்மை நிறுத்திக்கொண்டு அன்னையாரைத் தனியே அனுப்பிவிடுவரோ என்பதே எம் அச்சம். அன்னையார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூத்த அலுவலர் ஒருவர் வந்தார். நல்ல ஆங்கிலம். கசகசாவை எதற்குப் பயன்படுத்துவீர் என்று வினவினார். குருமா கெட்டிப்படுவதற்கு என்பதை ஆங்கிலத்தில் விளக்குவது எளிதன்று. அபினிச் செடியின் விதையே இது. போதை விதையில் அன்று, காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ளது. அப்பாலின் சுவடு விதையிலும் ஒட்டியிருக்கும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்றே இதனைப் பயிரிடுகின்றனர். நம் மளிகைக் கடையில் மிளகுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு இது தெரிவதில்லை. அவர்களின் கெடுபிடிக்கும் காரணமுண்டு. 2021 ஏப்ரலில், லெபனானிலிருந்து வந்த மாதுளம்பழங்களுக்குள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்டகான் போதை மாத்திரைகள் பிடிபட்டு, அந்நாட்டுக் காய்கனிகளுக்கே சவூதி அரசு தடை விதித்தது. பழத்தைப் பிளந்து பார்த்தவர்கள் மூட்டையைப் பிரிக்காமல் விடுவார்களா?

அவர் எம் தாள்களைப் புரட்டி, தொழிலைக் குறித்த இடத்தில் விரல் வைத்தார். "ஆசிரியரா?" என்றார். ஆம் என்றோம். "பார்க்கவில்லையா?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. அதட்டியிருந்தால்கூட அவ்வளவு தைத்திராது.

அரபியில் எழுதிய தாளொன்றில் கையொப்பமிட்டோம். கசகசாவைப் பறிமுதல் செய்துகொண்டு எஞ்சிய பொட்டலங்களையும் கடவுச்சீட்டுகளையும் தந்தனர். அன்னையாரின் முதுமையும் உம்ரா உடையும் எமக்காகப் பேசியிருக்கலாம். எல்லாருக்கும் அப்படி முடியுமென்று எவரும் எண்ணிவிட வேண்டா.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியின் மகன் மக்காவில் எம் விடுதிக்கு வந்தான். ஒன்று குறைகிறது என்று சொல்லி நடந்ததைக் கூறினோம். முகம் வெளுத்து, "மாமா, நான் அனுப்பச் சொல்லவே இல்லை" என்றான். பின் தொதலில் ஒரு துண்டை அங்கேயே பிட்டு வாயிலிட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பியபின் மாமியிடம் சொல்வது, சுங்க அலுவலரிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. பத்து நாட்கள் தள்ளிப் போட்டோம். அன்னையாரே, "நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் போனோம். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "அதைப் போட்டாத்தானே அவனுக்குக் குருமா இறங்கும்" என்று மட்டும் சொன்னார். யாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறைத்து வைத்த பொருளாயின் மேலே பெயரெழுதி ஒட்டுவாரா?

சென்ற ரமலானுக்கு முன் எம் தெருவிலிருந்து மற்றொருவர் உம்ராவுக்குப் புறப்பட்டார். யாம் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபோது மாமி வந்தார். பொட்டலங்கள் ஒரு தாம்பாளத்தில் திறந்தபடி இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டினார். மூட்டைத் துணி மடித்துப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் நூல் கோத்த ஊசியொன்றைக் குத்தி வைத்திருந்தார், பார்த்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து தைப்பதற்கு.