திமிரியும் பாரியும்

கதைகளில் நாயனக்காரர்களைப் பற்றி எழுதினால் என்ன வினை வந்து சேரும் என்பது எனக்கு ஒரு மாசி மாதத்தில் தெரிந்தது. தியாகதுருகத்தில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய நாகஸ்வரப் பெரியவர் இரண்டு வாத்தியங்களைப் பாயில் கிடத்தி, "எது இருக்கட்டும், எது போகட்டும்? நீங்களே சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிட்டார்.

ஒன்று அவருடைய திமிரி. குட்டையானது; நாலரைக் கட்டைச் சுருதி. அடியில் அணசைச் சுற்றி, ஊரார் எப்போதோ போட்ட வெள்ளிப் பூண். மற்றது நரசிங்கம்பேட்டையிலிருந்து பார்வைக்கு வந்திருந்த பாரி. நெட்டையானது, இரண்டரைக் கட்டை. திமிரியைக் கொடுத்தால்தான் பாரிக்குப் பணம் சரிக்கட்டும் என்றான் மகன்.

"முகூர்த்தத்துக்கு இப்ப யார் சார் திமிரியைக் கூப்பிடறாங்க? காது குடையுதுங்கறாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டும் ஆச்சா மரம்தான். இரண்டிலும் துளை சீவாளிப் பக்கம் குறுகி, அணசை நோக்கி விரிந்துகொண்டே போகும். ஆனால் குழல் நீண்டால் சுருதி இறங்கும், நாதம் குழையும். விரல் வைக்கும் ஏழு துளைகளும் தள்ளித் தள்ளி விழுவதால் பாரிக்கு விரல் நீளம் வேண்டும். பழைய திமிரியிலோ சுத்த மத்தியமம் தானாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்தக் குறையைத் தாங்கமாட்டாமல் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் போய், பாரியைத் திருத்தமாகச் செய்வித்தார். அவர் தோடியைக் கேட்ட உலகம் பாரியின் பக்கம் சாய்ந்தது. 2022-ல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மகன் கூடத்தில் உட்கார்ந்து பாரியில் தோடியை எடுத்தான். மத்தியமம் விளக்குச் சுடர் மாதிரி அசையாமல் நின்றது. தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் வெளியே வாங்க" என்றார் பெரியவர்.

மகனை வாசலிலேயே நிறுத்திவிட்டு என்னை மலையடிக்கு அழைத்துப் போனார். அவருக்கு இப்போது ஊத முடியாது. நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். தலைக்கு மேல் பழைய கோட்டை. சாலையில் சேலத்துப் பஸ்ஸும் லாரியும். முதலில் பாரி கேட்டது. கேட்டதே தவிர, இரைச்சலில் பாதி கரைந்துபோயிற்று. பிறகு திமிரி. கிழித்துக்கொண்டு வந்தது.

பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்த கிழவி ஒருத்தி, எழுந்திருக்க முடியாமலே, இரண்டு கைகளையும் குவித்தாள். சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"வர முடிஞ்சவங்களுக்கு எந்த நாயனமா இருந்தா என்ன தம்பி? வர முடியாதவங்களுக்கு இதுதான்" என்றார் பெரியவர்.

அன்றைக்கு அந்த வரிசையில் அவரும் இருந்தார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

திரும்பி வந்ததும், "பாரியை வாங்கு, திமிரியை விற்காதே" என்று மகனிடம் சொன்னேன்.

"சொல்றது சுலபம் சார். பணம்?"

நாயனக்காரனைப் பற்றிக் கதை எழுதிச் சன்மானம் வாங்கியவன் நான். பதில் வரவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் திமிரியை மடியில் வைத்து, அணசின் பூணை மெதுவாகக் கழற்றினார். அது இருந்த இடத்தில் மரம் வெளுத்திருந்தது.

"இதை வச்சுக்க. மிச்சத்துக்குக் கடன் வாங்கு. சத்தம் மரத்துலதான்டா இருக்கு."

மகன் பூணை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு என்னுடையது என்று சொல்ல எனக்கு அதற்குள் தைரியம் வந்திருந்தது.