பத்து மீட்டர் கடலுக்கு 200 மீட்டர் வாட்ச் எதற்கு?

அறந்தாங்கியிலிருந்து பஸ் பிடித்து மணமேல்குடி கடற்கரைக்குப் போனால், அலைச் சத்தமே இருக்காது. கண்மாய் போல அமைதியாகக் கிடக்கிறது கடல். ராமேஸ்வரம் பக்கம் இதைப் 'பெண்கடல்' என்பார்கள்.

இந்தத் தண்ணீருக்கடியில்தான் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது ஆவுளியா எனும் கடல்பசு. அதைக் காக்க தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. இந்தியாவில் கடல்பசுவுக்கு அதுவே முதல் பாதுகாப்பகம்.

கடற்புல் ஆய்வுக்காக ஸ்கூபா டைவிங் செய்யும் நண்பரிடம் என் வாட்ச்சைக் காட்டினேன். "30 மீட்டர்னு போட்டிருக்கு. இங்க ஆழமே பத்து மீட்டர்தானே, போதாதா?"

சிரித்தார். "அது மழைக்கும் கை கழுவவும்தான். கழட்டி பைக்குள்ள வை!"

டயலில் இருக்கும் 30 என்பது சோதனைக்கூட அழுத்தக் கணக்கு. அவ்வளவு ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. டைவிங்குக்கென்றே ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தரம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். 200 மீட்டர் வாட்ச்தான் பரவலாகக் கிடைக்கிறது. சுற்றியுள்ள வளையம் ஒரே பக்கம்தான் திரும்பும். எதிலாவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே இரண்டு மணி நேரம் வரும் சிலிண்டர், அங்கே ஒரு மணி நேரம்தான் வரும். 200 பாரில் தொடங்கும் முள் 50-ஐத் தொடும்போது நீங்கள் மேலே வந்திருக்க வேண்டும்.

ஏறுவதிலும் நிதானம் வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆழம் குறைந்த கடலிலும் இந்த ஆபத்து உண்டு.

வாடகைக்கு எடுக்கும் கருவியை நம்பலாமா? நண்பர் சொன்ன சோதனை எளிது. சிலிண்டரைத் திறந்து, கரையிலேயே நாலைந்து முறை மூச்சு இழுங்கள். கண் முள்ளில் இருக்கட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. அப்படியே இறங்காதீர்கள்.

கம்ப்யூட்டர், வாட்ச், காற்றுமானி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அவர் இறங்கினார். நான் கரையிலேயே நின்றேன், வாட்ச் பைக்குள் இருந்தது!