உராகாமியின் ஏழு தலைமுறைகள்

நாகசாகி சமதளம் காண்பதற்கரிய ஊர். நீண்ட துறைமுகத்தை மலைகள் நெருக்கி நிற்க, வீடுகள் படிபடியாக மேலே ஏறுகின்றன. முழங்கால் வலியுள்ளவர்கள் இங்கே திருயாத்திரை வருமுன் சற்று யோசித்துக்கொள்வது நல்லது. இரயில் நிலையத்திற்கு அருகிலேயே நிஷிசாகா என்னும் குன்று. 1597-ஆம் ஆண்டு பெப்ருவரி 5-ஆம் நாள் இருபத்தாறு பேர் இங்கே சிலுவைகளில் ஏற்றப்பட்டு, ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டு மண்ணில், பம்பாய்க்கு அருகே வசாயில் பிறந்த அர்ச். கொன்சாலோ கார்சியா. 1862-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை நம் பங்குகளில் எத்தனை பேர் அறிவர்?

வெண்கலத்தில் வரிசையாக நிற்கும் அந்த மறைசாட்சிகளை வணங்கிவிட்டு நான் தேடிச் சென்றது வேறு சிலரை. மறைசாட்சியாகும் துணிவு வாய்க்காதவர்கள் என்ன செய்தார்கள்? சிலை வைக்கப்படாத அந்த மக்களின் ஊர், நகரின் வடபால் உள்ள உராகாமி.

1614-இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவ மறை தடை செய்யப்பட்டது. நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் 1644-இல் கொல்லப்பட்டார். அதன்பின் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஆண்டுதோறும் புத்தாண்டு வேளையில் உராகாமி மக்கள் ஊர்த்தலைவரின் வீட்டிற்கு அழைக்கப்பட்டனர். அங்கே தரையில் ஆண்டவருடைய அல்லது மாதாவின் உருவம் கிடக்கும். ஒவ்வொருவராக அதை மிதித்துச் செல்லவேண்டும். மறுத்தால் சிறை, சித்திரவதை, மரணம்.

அவர்கள் மிதித்தார்கள். வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு, உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லி அழுதார்கள். குரு இல்லாத காலத்தில் உத்தம மனஸ்தாபமே துணை என்று விளக்கும் சிறு நூல் ஒன்று தடைக்குமுன் எழுதப்பட்டிருந்தது. அதைக் கையால் படியெடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஒளித்துக் காத்தனர். நம் பாட்டிமார் படுக்கப்போகுமுன் சொன்ன அதே மனஸ்தாபந்தான். நம் பிள்ளைகள் இன்று அவசரத்தில் பாதி விழுங்கிவிடுகிற அதே மந்திரம்!

ஒழுங்கும் இருந்தது. திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர்; திருமுழுக்குக் கொடுக்க ஒருவர்; வீடு வீடாகச் செய்தி கொண்டுசெல்ல ஒருவர். யாவரும் உழவர்கள். பாஸ்டியன் என்ற உபதேசியார் வகுத்துக் கொடுத்த நாள்காட்டி அவர்களுக்குத் துணையிருந்தது. ஏழு தலைமுறைகளுக்குப் பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கப்பலில் வருவார்கள் என்று அவர் சொல்லிச் சென்றதாகவும் ஒரு மரபு உண்டு. ஏழு தலைமுறை! முதல் தலைமுறைக்கு அது எத்தகைய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். "உன் செபம் கேட்கப்படும், ஆனால் நீ காணமாட்டாய், உன் பேரனும் காணமாட்டான்" என்பதல்லவா அதன் பொருள்? ஆயினும் அந்த முதல் தலைமுறை தன் பிள்ளைக்குச் செபம் கற்பித்தது.

துறைமுகத்தின் தென்கோடியில் உள்ள ஓவுரா கோவிலை 1864-இல் பிரெஞ்சுக் குருக்கள் கட்டினர். நம் புதுச்சேரியில் உழைத்த அதே பாரிஸ் வேதபோதக சபையினர் அவர்கள். வெளிநாட்டவருக்கென்றே அனுமதிக்கப்பட்ட கோவில் அது. 1865 மார்ச் 17-ஆம் நாள் உராகாமியிலிருந்து பதினைந்து பேரளவில் அங்கே வந்தனர். ஒரு பெண்மணி பெத்திழான் சுவாமியாரை நெருங்கி, தங்கள் உள்ளமும் அவருடையதும் ஒன்றே என்று மெல்லிய குரலில் கூறி, மாதாவின் சுரூபம் எங்கே என்று வினவினார். அவர்கள் முதலில் தேடியது மாதாவை. இதைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுரூபம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

என் மனத்தை அதைவிட அசைத்தது மற்றொரு செய்தி. தாங்கள் துயரகாலத்தின் பதினேழாம் நாளில் இருப்பதாக அவர்கள் கூறினர். அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச் 1-ஆம் நாள். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதினேழு! குருவே இல்லாத இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தவக்காலக் கணக்கில் ஒருநாள் பிசகவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மறையுரைக்கு மிக வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை. வெளிப்பட்டதாலேயே அவர்கள் பிடிபட்டனர். 1868 முதல் மூவாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட உராகாமி மக்கள் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். குளிரிலும் பசியிலும் வதையிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாடுகடத்தலை அவர்கள் 'பயணம்' என்றே அழைத்தனர். 1873-இல் திரும்பியவர்கள், முன்னோர் சுரூபத்தை மிதித்த அதே ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தை விலைக்கு வாங்கினர். 1895-இல் தொடங்கி 1914-இல் அங்கே செங்கல் பேராலயத்தை எழுப்பினர்.

1945 ஆகஸ்டு 9. அணுகுண்டு கொக்குரா நகருக்கென்று கொண்டுவரப்பட்டது; அங்கே பார்வை மறைந்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. காலை 11.02 மணிக்கு, பேராலயத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் வானில் வெடித்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் அங்கிருந்த மக்களும் மாண்டனர். உராகாமியின் பன்னிரண்டாயிரம் கத்தோலிக்கரில் ஏறத்தாழ எண்ணாயிரத்து ஐந்நூறு பேர் மடிந்தனர்.

"சாமி, மாதாகிட்ட கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோச்சு, அவளுக்குக் காது கேக்குதா?" என்று என் பங்கில் கேட்கும் தாய்மார்களுக்கு நான் இங்கிருந்து எந்த விடையைக் கொண்டுபோவேன்?

விடை சொல்ல முயன்றவர் ஒருவர் உண்டு. மருத்துவர் தக்காஷி நகாய். அவர் மனைவி மிதோரி, திருநாள் கணித்துக் காத்த அந்தப் பழைய குடும்பத்தின் வழித்தோன்றல். எரிந்த வீட்டில் மனைவியின் எலும்புகளையும் உருகிய செபமாலையையும் தம் கையாலேயே சேகரித்தவர் அவர். அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள், இறந்தோருக்கான திருப்பலியின்போது, மாண்டவர்கள் போரை முடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாசற்ற பலி என்று உரைத்தார். பலர் ஆறுதலடைந்தனர். ஏற்காதவர்களும் இருந்தனர், போரைத் தொடுத்தவர்களையும் குண்டை வீசியவர்களையும் அந்தச் சொல் தப்பவிடுகிறது என்றனர். நகாய் தம் துயரத்தைப்பற்றி அவ்வாறு சொல்லலாம். அதற்குரிய விலையைக் கொடுத்தவர் அவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு நா எழாது. போர் மனிதனின் செயல் என்று 1981-இல் ஹிரோஷிமாவில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறிவித்தது, இறைவனே தண்டித்தார் என்று மருகிய பல உள்ளங்களைத் தேற்றியது. அச்சொல் எனக்கும் ஏற்புடையது.

1959-இல் மீண்டும் எழுந்த பேராலயத்தின் ஒரு சிற்றாலயத்தில், பழைய பீடத்திலிருந்த மர மாதாவின் தலை வைக்கப்பட்டுள்ளது. இடிபாடுகளிடையே அதைக் கண்டெடுத்தவர் ஒரு துறவி. கன்னம் கருகியிருக்கிறது. கண்ணாடி விழிகள் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழிகள். மாதாவும் அன்று தன் மக்களோடு எரிந்தாள். அவள் முன் நெடுநேரம் முழந்தாளில் இருந்தேன். என்ன செபிப்பதென்று தெரியாமல், தெரிந்த செபமாலையையே சொன்னேன். துயர தேவ இரகசியங்கள்.

குண்டு விழுந்தபோது கோபுரங்களில் இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று உடைந்தது. மற்றதை இடிபாட்டிலிருந்து தோண்டியெடுத்து அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் ஒலித்தனர். உடைந்ததற்கு ஈடான மணியை அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கொடை திரட்டி அளித்தனர். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் காலை 11.02-க்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பின், இரண்டும் சேர்ந்து ஒலித்தன. நாள்தோறும் திரிகாலச் செபத்திற்கு மணி அடிக்கிறது. நான் அங்கிருந்த மாலையில் அது ஒலித்தபோது, கையில் காய்கறிப் பையுடன் படியேறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நின்றார். பையைக் கீழே வைத்துச் சிலுவை அடையாளம் வரைந்து, செபித்து முடித்து, மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.