இரண்டு மணித்தியாலம்

இராயபுரத்தில் பிறந்தவர்களுக்குக் கப்பலின் சங்கொலி தாலாட்டைப் போன்றது. 1856இல் தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் நம் ஊரில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆயினும் நம் பிள்ளைப் பருவத்துக் கனவெல்லாம் கடலின் மேல்தான் ஓடிற்று. நம் தாய்மாமன் 'சிதம்பரம்' கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போன நாளில், துறைமுகத்தில் நின்று கை நோகும் வரை அசைத்தோம். 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பற்றியது. அதன் ஓட்டம் அத்துடன் முடிந்தது. நம் கனவும் முடிந்ததாகவே எண்ணினோம்.

2023 ஜூனில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குப் போய்வரத் தொடங்கியது. மகன் நமக்கும் வீட்டாருக்கும் சீட்டு வாங்கிவிட்டான். "ஆடலும் பாடலுமாய்ப் போகும் கப்பலில் ஓர் ஆலிமுக்கு என்னப்பா வேலை?" என்றோம். "நீங்கள் கடலைப் பாருங்கள் அத்தா, மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றான். பதில் சொல்ல வகையில்லை; புறப்பட்டுவிட்டோம்.

காங்கேசன்துறையில் கரையிறங்கிய நாளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம். மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டளையோடு எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். வழியெங்கும் பனைகள், இடையிடையே கூரையிழந்து சுவர் மட்டும் நிற்கும் வீடுகள். பதினெட்டுக் கிலோமீட்டர் கடந்து யாழ்ப்பாண நகரை அடைந்தோம். பொது நூலகத்தின் வெண்ணிறக் கட்டடத்துக்கு முன் இறக்கிவிட்டார்கள். 1981இல் இங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. ஏட்டோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு அந்த வாசற்படியில் கால் வைக்கவே தயக்கமாக இருந்தது.

"இரண்டு மணி நேரம் தருகிறோம், கடைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் வழிகாட்டி. "இவ்வளவுதானா? இதற்குள் எதைப் பார்ப்பது?" என்று பலரும் முணுமுணுத்தனர். அவர்களோடு சேர்ந்து நாமும் முணுமுணுத்ததை மறைக்க விரும்பவில்லை. லுஹர் நேரம் நெருங்கியது. ஓர் ஓட்டோ பிடித்துச் சோனகத் தெருவுக்குச் சென்றோம்.

யாழ்ப்பாணத்துச் சோனகர் தமிழுக்கு அயலார் அல்லர். இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் முஸ்லிமும், பின்னர்க் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் இந்நகரின் வண்ணார்பண்ணையில்தான் பிறந்தார். அவர் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். பிள்ளைகள் அடுத்தடுத்த பலகைகளில் அமர்ந்து கற்ற ஊர் இது.

பள்ளிவாசலில் ஜமாஅத் சிறியதாக இருந்தது. நாம் முஸாஃபிர்; தனித்துத் தொழுதால் இரண்டு ரக்அத் போதும். ஊரில் வசிக்கும் இமாமைப் பின்பற்றியதால் நான்கும் தொழுதோம். தொழுகை முடிந்ததும், அருகிலிருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஸலாம் சொல்லி விசாரித்தார். கப்பலில் வந்ததையும், இரண்டு மணி நேரமே கிடைத்ததையும் குறையாகச் சொன்னோம். அவர் சற்றே சிரித்தார்.

"எங்களுக்கும் இரண்டு மணித்தியாலந்தான் தந்தவங்க, மௌலவி."

1990 அக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அழைத்து முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டினர். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டனர். நகையையும் பணத்தையும் சோதனையிட்டுப் பறித்தனர். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். இவற்றையெல்லாம் நாம் படித்திருக்கிறோம். ஆனால் பெரியவர் சொன்ன ஒன்றை எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

"முகாமில் நாங்கள் கஸ்ராகத்தான் தொழுதோம். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்றுதானே நிய்யத்து! பதினெட்டு நாள் கழிந்தது. பத்தொன்பதாம் நாள் லுஹருக்கு இமாம் எழுந்து, 'இனிமேல் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழுங்கள்' என்றார். அதுவரை அழாதவனெல்லாம் அன்றைக்கு அழுதான் மௌலவி. வீடு போனது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது."

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் அது. ஒரு காரியம் எந்நாளும் முடியலாம் என்று எதிர்பார்த்து ஓரூரில் தங்குபவர் பதினெட்டு நாள் வரை சுருக்கித் தொழலாம். அதற்குப் பின் சலுகை இல்லை. முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். தேர்விலும் கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறோம். அந்த எண்ணுக்குள் ஒரு மனிதனின் நம்பிக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும் என்பது ஒருநாளும் நமக்குத் தோன்றியதில்லை.

போர் 2009இல் ஓய்ந்தபின் அவர் திரும்பி வந்திருக்கிறார். பிள்ளைகள் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். "அவங்க பிறந்த ஊர் அதுதானே! இங்கே வந்தால் ரெண்டு நாளில் 'வாப்பா, வீட்டுக்குப் போவோம்' என்பாங்க" என்றார். பக்கத்து வீட்டு இந்துப் பெரியம்மா, இவர் விட்டுச்சென்ற முருங்கை மரத்துக்குத் தம்மால் இயன்றவரை தண்ணீர் ஊற்றி வந்ததாகவும், மரமும் அந்த அம்மையாரும் இப்போது இல்லை என்றும் சொன்னார். அவர் பேச்சில் எவர் மீதும் வசை இல்லை. தேநீர் அருந்தச் சொல்லி வற்புறுத்தினார். கடிகாரத்தைப் பார்த்தோம், நேரமில்லை. அவரிடம் அதைச் சொல்ல நா எழவில்லை; அமர்ந்து தேநீர் அருந்தினோம்.

பேருந்துக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். சிலர் முகம் சுளித்தனர், அது நியாயமே. வீட்டார் மட்டும், "கடையில் ஏதாவது வாங்கினீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றோம்.

மாலையில் கப்பல் சங்கு ஊதியது. மேல்தளத்தில் நின்று, கரையில் பனைகள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தோம். இன்ஷா அல்லாஹ், பொழுது விடிந்தால் சென்னை. அங்கிருந்து இராயபுரம் எட்டும் தூரம். வீட்டுக் கதவு பூட்டிய இடத்தில் இருக்கும். திறவுகோல் பையில் இருந்தது. அன்றிரவு கப்பலறையில் இஷாவைச் சுருக்கி இரண்டு ரக்அத் தொழுதோம். திரும்பிப் போக வீடு உள்ளவனுக்கு இறைவன் தந்த சலுகை அது என்ற நினைவு வந்து, ஸஜ்தாவிலிருந்து தலை தூக்க நெடுநேரமாயிற்று.